சத்வாவில் வெங்காய விலை

விலைவாசி பற்றிப் பேசச் சொன்னீங்க. நான் வெங்காயத்தை மட்டும் எடுத்துக்கறேன்.

2023 டிசம்பர் 8-ஆம் தேதி இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. கொஞ்ச நாளிலேயே துபாயில் விலை சில மடங்கு ஏறிப்போச்சு. சத்வாவில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் பெட் ஸ்பேஸ் எடுத்து, காசு போட்டுச் சமைக்கிற நம்ம ஆட்களுக்குத் திகைப்பு. "என்ன சேட்டா, தங்கமா விக்கிறீங்க?" என்று குரோசரிக்காரரிடம் சத்தம். அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர்தானே!

அதே நாளில் நாசிக் வெங்காய விவசாயிகள் மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையை மறித்தார்கள். விளைத்தவருக்கு விலை சரிந்தது, வாங்குகிறவருக்கு ஏறியது. இரண்டுக்கும் ஒரே உத்தரவுதான் காரணம். உள்நாட்டில் விலையை அடக்கத்தான் தடை என்றது அரசு. அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஊரில் நம்ம அம்மாவும் வெங்காயம் வாங்கணுமே. ஆனால் அதன் சுமையை விவசாயியும் கடல் தாண்டிய தொழிலாளியும் சுமந்தார்கள். 2024 மே மாதம்தான் தடை நீங்கியது, அதுவும் 40 சதவீத வரியோடு.

அமீரக அரசும் சும்மா இல்லை. அரிசி, எண்ணெய், முட்டை, சர்க்கரை என ஒன்பது பொருள்களின் விலையை அனுமதியில்லாமல் ஏற்றக் கூடாது என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. அந்த ஒன்பதில் வெங்காயம் இல்லை.

ஊரில் மில் தொழிலாளிகள் சங்கம் கட்டிப் பஞ்சப்படி வாங்கினார்கள். உங்களில் பலருக்கு இந்தச் சொல்லே புதுசா இருக்கும். விலைவாசிப் புள்ளி ஏறினால் கூலியும் கூடும், அதுதான் பஞ்சப்படி. சத்வாவில் அதை யாரிடம் கேட்பது? வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இல்லை. சங்கம் வைக்க முடியாது. வேலைநிறுத்தம் செய்தால் ஊருக்கு விமானம்தான்.

ஆனால் டெல்லியிடம் கேட்கலாம். வளைகுடாவுக்குப் போகிற தொழிலாளிக்கு இதற்குக் கீழே சம்பளம் பேசக் கூடாதுன்னு இந்திய அரசு ஒரு தொகை வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காட்டி, அதை 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டினார்கள். தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. 2021 ஜூலையில் அரசு பின்வாங்கியது.

அந்தத் தொகையை வளைகுடா விலைவாசியோடு கட்டச் சொல்லி நாம மனு போடலாம். அங்கே இருக்கிறவர்கள் வாய் திறந்தால் விசா போய்விடும். நமக்கு அந்தப் பயம் இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் வரைவு எழுத இரண்டு பேர் வேணும், யார் வர்றீங்க?