நடுக்குவாதமும் அதன் மருந்தும்

நடுக்குவாதம் என்றவுடன் கை நடுக்கமே நினைவுக்கு வரும். நோயாளியை அதனினும் வருத்துவன உடலின் இறுக்கமும் அசைவின் மந்தமுமாகும். சட்டைப் பொத்தானைப் பூட்டவே நெடுநேரம் செல்லும். மனம் ஏவினாலும் கால் எழாது. இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார். மருந்து வருவதற்கு அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

நடுமூளையிலே கருநிறம் படிந்த சிறு பகுதியொன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமீன் என்னும் பொருளைச் சுரந்து அசைவை ஒழுங்கு செய்கின்றன. அவை அழிய அழிய டோபமீன் குறைகின்றது. அதனையே ஊட்டலாமே எனில், குருதியிலிருந்து அது மூளைக்குட் புகாது. அதன் மூலப்பொருளாகிய லெவோடோப்பா புகும். புகுந்தபின் டோபமீனாக மாறும். 1961 இல் வியன்னா நகரில் அதனை ஊசிமூலம் செலுத்தியபோது, படுக்கையில் எழுந்திருக்கவும் மாட்டாதோர் எழுந்து நடந்தனர். பயன் சில மணி நேரமே நின்றது. 1967 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் என்பவர் டோப்பாவை வாய்வழியே சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து நீடித்த பயன் கண்டார். பின்னர் கார்பிடோப்பா அதனுடன் சேர்க்கப்பட்டது. மூளையை அடையுமுன்னரே மருந்து மாறிவிடுவதை அது தடுத்துக் குமட்டலையும் குறைக்கின்றது.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் புதர்களிற் படரும் பூனைக்காலியின் விதையிலும் லெவோடோப்பா உண்டு. சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937 இலேயே அதனைப் பிரித்தெடுத்தனர். அதற்காக விதையை இடித்து உண்ணப் புகுதல் தகாது. விதைக்கு விதை அளவு வேறுபடும். இந்நோயிலோ அளவும் நேரமுமே எல்லாம்.

எட்டு மணிக் குளிகையை ஒன்பது மணிக்குக் கொடுத்தால் என்ன என்று வீட்டார் எண்ணுவதுண்டு. நோய் முற்றியவருக்கு அந்த ஒரு மணி நேரம் கதிரையிற் கட்டுண்டு கிடக்கும் நேரமாகும். மீன், இறைச்சி, பருப்பு முதலியவற்றின் புரதம் மருந்து உட்செல்வதற்குத் தடையாகலாம். ஆகையால் உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் கொடுப்பது வழக்கம். ஆண்டுகள் செல்ல, ஒவ்வொரு வேளை மருந்தும் வேலை செய்யும் நேரம் குறுகும். உடல் தானே நெளியும் அசைவுகளும் தோன்றலாம். அப்போது அளவை மாற்றவேண்டியவர் வைத்தியரேயன்றி வீட்டாரல்லர். விரதத்தின் பொருட்டோ, குளிகை தீர்ந்தமையாலோ திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நோயாளி வேறு காரணத்தால் வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தால், குளிகைகளின் பெயரையும் உண்ணும் மணியையும் எழுதிக் கொண்டுசெல்லல் வேண்டும். வாந்திக்கு வழங்கப்படும் மெற்றோகுளோபிறமைட் இவருக்கு ஆகாது என்பதையும் அத்தாளிலேயே குறித்துவைக்கலாம்.