சமூகவியல் மாணவர்களுக்கு எந்த நூல்களைக் கொடுப்போம்?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் பகுதிப் பல்கலைக்கழக நூலகத்துக்கு, சமூகவியல் மாணவர்கள் படிக்க நூல்கள் வாங்கித் தருவதென முடிவெடுத்திருக்கிறோம். தொகை தயார். எதை வாங்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அதை மனம் திறந்து பேசிவிடுவோம்.

தேர்வு வழிகாட்டிகளை மொத்தமாக வாங்கி, அறக்கட்டளை முத்திரையிட்டுக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். எளிதான வேலைதான். ஆனால் பாடத்திட்டம் மாறிய அன்றே அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எங்கே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள், யார் சொல் ஊரில் எடுபடுகிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதுதான் சமூகவியல். அதற்குக் கள ஆய்வு நூல்கள் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் திரட்டிய விவரங்களை 1918-இல் நூலாக்கினார். அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் இன்னொரு நூல் வந்தது. முதல் நூல் அலமாரியில் பத்திரமாக இருந்ததால்தான், ஊர் எவ்வளவு மாறியது என்று பிறகு வந்தவர்களால் ஒப்பிட முடிந்தது. பல்லாவரத்து முஸ்லிம் வணிகர்களை ஆராய்ந்து மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்கர் 1972-இல் நூல் எழுதினார். அது பல்லாவரத்துப் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டாமா?

அடுத்து, நம்மில் சிலருக்கு இருக்கும் சங்கடம். முஸ்லிம்களிடையே நிலவும் சாதி போன்ற ஏற்றத்தாழ்வுகளைப் பற்றி இம்தியாஸ் அகமது தொகுத்த நூல் 1973-இல் வெளிவந்தது. துறை ஆசிரியர்கள் கேட்டிருக்கும் பட்டியலில் அதுவும் உண்டு. “நம் குறையைச் சொல்லும் நூலை நம் பணத்தில் வாங்குவதா?” என்று கேட்கிறார்கள்.

2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கையை நாம் மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். அதே அறிக்கையில் முஸ்லிம்களில் பிற்படுத்தப்பட்டோரைப் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. அரசின் குறையைச் சொல்லும் பக்கம் வேண்டும், நம் குறையைச் சொல்லும் பக்கம் வேண்டாம் என்பது நியாயமாகாது. அந்த நூலில் தவறு இருந்தால் அதைப் படித்து மறுத்து எழுத நம் பிள்ளைகளே முன்வரட்டும். படிக்காமல் எப்படி மறுப்பது?

ஆகவே என் யோசனைகள் இவை. நூல்களை ஆசிரியர்களும் நூலகரும் மாணவர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். பட்டியலில் நாம் கை வைக்க வேண்டாம். தொகையை ஒரே தடவையில் செலவழிக்காமல் மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்போம். புதிதாக வரும் நூல்களுக்கும் அப்போது இடம் இருக்கும். அதிகம் கேட்கப்படும் நூலில் இரண்டு பிரதிகள் வாங்குவோம். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் பிள்ளை, “நூல் வெளியே போயிருக்கிறது” என்ற பதிலோடு திரும்பக் கூடாது. தமிழ் நூல்களுக்கும் உரிய பங்கு ஒதுக்குவோம்.

காசு கொடுத்தும் கிடைக்காதவை சில நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன: மதரஸா ஆண்டறிக்கைகள், விழா மலர்கள், நின்றுபோன பத்திரிகைகள். கறையானுக்குக் கொடுப்பதைவிட நூலகத்துக்குக் கொடுப்பது மேல். நிக்காஹ் பதிவேடு போன்ற, குடும்ப விவரம் உள்ளவற்றை மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஒரு நூல் எத்தனை தலைமுறைக்குப் பயன்படுகிறதோ, அத்தனை காலமும் அதை வாங்கிக் கொடுத்தவருக்கு நன்மை சேரும். இந்த யோசனைகளைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.