நூறு வயது போதுமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கத்துக்கு நூறு வயது ஆகிறது, அதனால் ஆயுளைப் பற்றி ஒரு வைத்தியர் பேசினால் பொருத்தம் என்று செயலாளர் சொன்னார். "மனிசர் இனி 150 வயதுவரை இருக்கலாமாம், உண்மையோ டொக்டர்?" என்று கிளினிக்கிலும் கேட்கிறார்கள். முடியுமா என்பதை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிடுவோம். அப்படியொரு வாழ்வை விரும்பலாமா என்பதை இன்று நாம் யோசிப்போம்.

1920களின் தொடக்கத்தில் இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 31 வருடங்கள். ஆண்களுடையதைவிடவும் அது குறைவு. எல்லோரும் 31 வயதில் இறந்தார்கள் என்பதல்ல இதன் பொருள். பல குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. பல தாய்மார் பிரசவத்தில் இறந்தார்கள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. இன்று அந்தச் சராசரி எண்பதை நெருங்குகிறது. ஆண்களைவிட நாம் ஆறேழு வருடம் கூடுதலாக வாழ்கிறோம். தடுப்பூசி, இலவச வைத்தியம், வீடு தேடி வந்த மருத்துவிச்சிமார், பெண்கள் பெற்ற கல்வி ஆகியவை தந்த வருடங்கள் இவை. இவை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டோம்.

ஆனால் இனிக் கூட்ட நினைப்பது வேறு வகையான வருடங்கள். முன்பு நாம் காப்பாற்றியது பெரும்பாலும் பிள்ளைகளையும் இளம் தாய்மாரையும். இப்போது கூட்டுவது வாழ்வின் கடைசியில். வளர்ந்தவர்களுக்கு இறக்கும் அபாயம் ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அதனால் ஒரு நோயைத் தடுத்தால் இன்னொன்று வாசலில் நிற்கும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி, சராசரி மனித ஆயுளில் சுமார் பத்து வருடங்கள் நோயிலும் இயலாமையிலும் கழிகின்றன. சலரோகத்தால் மங்கிய கண், பழுதான சிறுநீரகம், ஒரு பை நிறையக் குளிசைகள் என்று அந்தப் பத்து வருடங்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

ஆவணங்களின்படி உலகில் மிக நீண்டகாலம் வாழ்ந்தவர் ஒரு பெண். பிரான்ஸைச் சேர்ந்த ஜான் கல்மான், 1997இல் 122 வயதில் காலமானார். அவருடைய ஒரே மகள் 1934இலும், ஒரே பேரன் 1963இலும் இறந்துவிட்டார்கள். பேரனுக்குப் பின்னும் 34 வருடங்கள் அவர் வாழ்ந்தார். நீண்ட ஆயுளை வேண்டும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நீண்ட வாழ்வு தரும் நெல்லிக்கனியை அதியமான் ஔவையாருக்குக் கொடுத்த கதை நாம் எல்லோரும் வகுப்பில் படித்தது. கனியின் சிறப்பைச் சொல்லாமலே கொடுத்தான் என்று புறநானூற்றில் ஔவையாரே பாடுகிறார். அந்தக் கொடை பெரியதுதான். ஆனால் வைத்தியரான எனக்கு ஒன்று உறுத்துகிறது: "வேண்டுமா?" என்று அவரை எவரும் கேட்கவில்லை.

இன்றும் கேட்பதில்லை. எண்பத்தைந்து கடந்த ஓர் அம்மா விடுதியில் படுத்திருப்பார். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இரவில் தொலைபேசி வரும். "என்ன செய்தாவது அம்மாவைக் காப்பாற்றுங்கோ டொக்டர்." அந்தக் குரலில் இருப்பது அன்புதான், அதோடு தூரத்தில் இருப்பதன் வேதனையும். ஆனால் அம்மா கேட்பது பெரும்பாலும் இன்னொரு குழாயை அல்ல. "என்னை வீட்டை கொண்டுபோங்கோ" என்பார். "பிள்ளையள் எப்ப வருகினம்?" என்று கேட்பார்.

எனக்கு 120 வயது வேண்டுமா? கண்ணும் காலும் நினைவும் கூட வந்தால், உங்களில் பாதிப்பேராவது கூட வந்தால், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். எனக்கு மட்டும் என்றால் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ஒரே தலைவி நூறு வருடம் கதிரையில் இருந்திருந்தால் இந்தச் சங்கம் இன்று இருந்திருக்குமா? (தலைவி அவர்கள் மன்னிக்கவேண்டும்!) ஒவ்வொரு வருடமும் மூத்தவர்கள் இடம்விட, புதிய பிள்ளைகள் வந்தபடியால்தான் இது நூறைத் தொட்டிருக்கிறது.

மூன்று விடயங்களைக் கேட்டு முடிக்கிறேன். நாற்பது கடந்தவர்கள் சீனியையும் பிரஷரையும் ஒழுங்காகப் பரிசோதியுங்கள், தினமும் நடவுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், அம்மா சுகமாக இருக்கும்போதே அவருக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்டு எழுதிவையுங்கள். இங்கே இருப்பவர்கள், தனியே வாழும் நமது மூத்த ஆசிரியைகளையும் அக்காமாரையும் கிழமைக்கு ஒருவராக முறைவைத்துப் போய்ப் பாருங்கள். சங்கம் இதற்கு ஒரு பட்டியல் தயாரித்தால் முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.