சொன்னவண்ணம் செய்த பெருமாள்



காஞ்சிபுரத்துத் திருவெஃகா, 108 திவ்யதேசங்களுள் ஒன்று. பொய்கையாழ்வார் அவதரித்த தலம். பெரும்பாணாற்றுப்படையும் அங்குப் பள்ளிகொண்ட திருமாலைக் குறிக்கிறது.

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணர். தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் அவரைப் பணித்தான். மானிடரைப் பாட அவர் மறுக்கவே, ஊரைவிட்டு வெளியேறக் கட்டளையிட்டான். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். பெருமாளையும் எழுந்து வருமாறு வேண்டினார். பெருமாள் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். காஞ்சி பொலிவிழந்தது. மன்னன் விரைந்து சென்று பிழை பொறுக்க வேண்டினான். ஆழ்வார் சொல்ல, பெருமாளும் மீண்டார். ஆதலின் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது திருநாமம், வடமொழியில் யதோக்தகாரி. அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிருக்கை என்பர். சென்று மீண்டதற்கு அடையாளமாக, மற்றத் தலங்களுக்கு மாறான திசையில் பெருமாள் இன்றும் சயனித்திருக்கிறார்.

அன்பர்களே, பெருமாள் தாமாகப் புறப்படவில்லை, அழைத்ததனால் வந்தார். மாற்றல் உத்தரவு பெற்று மூட்டை கட்டி வந்த நம் பின்னே தமிழும் அவ்வாறே வரும். ஆனால் அழைக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஊர் செல்லும் பிள்ளை, பாட்டியின் கேள்விக்கு இந்தியில் விடை கூறுமாயின், நாம் அழைக்கவில்லை என்றே பொருள். இன்றிரவு உணவு வேளையில் இக்கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கூறுங்கள்.