இருதயத்துக்கும் காவல் வேண்டும்



காய் பிடிக்கும் பருவத்தில் மாந்தோப்புக்குக் காவல் போடுகிறோம். மாட்டுக்குச் சிறு நோய் கண்டாலும் கால்நடை மருத்துவரை நாடுகிறோம். இவற்றையெல்லாம் பேணும் நம் இருதயத்தைப் பற்றிச் சிந்திப்பதுண்டா?

இம்மலையடிவாரத்தில் நம் பாட்டனார் கமலை இறைத்தனர், வண்டியோடு நடந்தனர். இன்று நாம் பம்புசெட்டைத் தட்டிவிடுகிறோம். வயலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். உழைப்புக் குறைந்தது, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறையவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்திற்கு 150 நிமிட நடையும் வேண்டும்; அரைமணி வீதம் 5 நாட்கள் நடந்தால் கணக்குச் சரி. ஸ்ரீவில்லிப்புத்தூர்ப் பால்கோவா நமக்குப் பெருமை; எனினும் அது விருந்துக்கு உரியது, அன்றாடத்துக்கு அன்று. பீடி, சுருட்டு, புகையிலையை அறவே விடுதல் வேண்டும்.

இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி காட்டாத நோய். மேல் அளவு 140-ஐயும் கீழ் அளவு 90-ஐயும் தாண்டினாலும் உடம்பு சுகமாகவே தோன்றும். ஆகவே 30 வயதைக் கடந்தோர் அளந்து பார்த்தல் அவசியம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவர ஏற்பட்டது. "சுகமாயிற்று" என்று நாமாக நிறுத்தலாகாது. மாத்திரையால் வந்த சுகமே அது.

கிராமங்களைச் சுற்றிவருகையில் நாம் அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. நெஞ்சில் இறுக்கம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இவை கண்டால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருக்கிறோம். கண்மாய் மடை அடைபட்டால் கீழ்வயல் கருகுவதுபோல், இரத்தக் குழாய் அடைபட்டால் இருதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிகிறது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளை அளித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு வழி செய்யப்பட்டது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை மூன்று. அதிகாலையில் நடப்போருக்கு ஏற்ற பாதையும் விளக்கும் அமைக்கலாம். ரேஷன் கடைச் சுவரில் இவ்வறிகுறிகளையும் 108 எண்ணையும் எழுதி வைக்கலாம். கிராம சபை கூடும் நாளில் சுகாதாரச் செவிலியரை அழைத்து இரத்த அழுத்தம் பார்க்கச் செய்யலாம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. செய்யத் தவறினால் ஒரு குடும்பம் உழைப்பாளியை இழக்கும். அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோமாக!