உப்பும் தாய்மார் உடல்நலமும்

திருவையாறு என்னும் பெயரிலேயே ஐந்து ஆறுகள் அடங்கியிருக்கின்றன. காவிரியும் அதன் கிளைகளும் கொணர்ந்து சேர்த்த வண்டலே நமது நெல்வயல். ஆனால் கொடுக்கும் நீரே ஒன்றை எடுத்தும் செல்கிறது. அதுவே அயோடின். மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்துக் கடலிற் சேர்த்துவிடுகின்றன. மலைச்சாரல்களில் மட்டுமன்றி, அடிக்கடி வெள்ளம் பாயும் ஆற்றுப் படுகைகளிலும் இக்குறை நேர்வது உலகெங்கும் கண்ட உண்மை. மண்ணில் குறைந்தது விளைபொருளிலும் குறையும். அதை உண்பவர் உடலிலும் குறையும்.

இதனால் விளையும் கேடு யாது? கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு என்னும் சுரப்பி இருக்கிறது. அயோடினைக் கொண்டே அது தன் ஹார்மோனை உண்டாக்குகிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, மாதவிடாயின் ஒழுங்கு ஆகியவற்றில் அந்த ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அயோடின் போதாவிடில் சுரப்பி பருத்துக் கழலையாகிறது.

தைராய்டு நோய்கள் ஆடவரைவிடப் பெண்டிரையே பன்மடங்கு பற்றுகின்றன. நடவு முடித்து வந்தவள் அசதி என்றால், வேலைக் களைப்பு என்று வீட்டார் சொல்லிவிடுவர். அவ்வாறு ஆண்டுக்கணக்கில் அசதியைச் சுமந்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஓய்வெடுத்தும் நீங்காத சோர்வு, குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மிகுதியான மாதவிடாய் ஆகியவை சேர்ந்து வந்தால் சோம்பல் என்று பழிக்கலாகாது. இரத்தசோகையா, தைராய்டுக் குறையா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லும்.

கருவுற்றவர் நிலை இன்னும் கருதத்தக்கது. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 வேண்டும். வாழ்நாள் முழுவதற்கும் வேண்டியது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே. அத்துணைச் சிறு பொருள் இல்லாமையால் ஒரு குழந்தையின் அறிவு குன்றலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பரிகாரம் எளிது. இமயத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஆய்வு தொடங்கினர். அயோடின் கலந்த உப்பை உண்ட ஊர்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் சேராத உப்பை உணவுக்கென விற்பது 2006-இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் 2018-19-இல் நடந்த ஆய்வில், போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 மட்டுமே. மாநிலங்களுள் இதுவே கடைசி நிலை.

"வேதாரணியம் அருகில்தானே, கடலுப்பில் அயோடின் இராதா?" என்று சிலர் வினவுவர். 1930-இல் நாட்டின் மானம் காத்த உப்பு அது. எனினும், பாத்தியில் உப்பு விளையும்போது அயோடின் மிகச் சொற்பமே தங்கும். பிறகு சேர்த்தால்தான் உண்டு.

ஆகவே, கல்லுப்பாயினும் தூளுப்பாயினும் உறையில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடியுள்ள சாடியில் வையுங்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். சமையல் முடியும் தறுவாயில் இடுங்கள். உப்பின் அளவைக் கூட்ட வேண்டா. அது இரத்த அழுத்தத்துக்கு வழி. எல்லாத் தைராய்டு நோயும் அயோடின் குறையால் வருவதில்லை. ஆதலால் மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. எந்த உப்பு என்று கேட்டு வாங்குவது இனி நம் வீட்டு வழக்கமாகட்டும்.