நம் பிள்ளையின் உடலை யார் காட்டுவது?

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓவியக் கண்காட்சியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "ஷிப்ட் முடிந்து களைத்து வந்திருக்கிறோம், ஓவியத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. செத்துப்போன ஒரு பிள்ளையின் உடலை ஊருக்குக் காட்டலாமா, காட்டினால் அதை யார் முடிவு செய்வது? இதுதான் இன்றைய பேச்சு. இந்தக் கேள்வி கண்காட்சி மண்டபத்திலும் எழுகிறது, பிணவறை வாசலிலும் எழுகிறது. பிணவறை வாசல் எப்படி இருக்கும் என்று நம் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும்.

ஜார்ஜ் டவுன் இன்று ஓவியங்களின் ஊர். 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. 2012-ல் ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியம் வந்தது. பழைய ஹின் பஸ் டிப்போ 2014 முதல் கலைக்கூடமாக இயங்குகிறது. சுற்றுப்பயணிகள் கேமராவோடு வருகிறார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில், அலகு குத்திய நம் உடம்பைத்தான் அவர்கள் அதிகம் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் எந்த நாட்டில், எந்தச் சுவரில் தொங்கும் என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

அதே உடம்பு லோக்காப்பில் உயிர் விட்டுக் கிடந்தால் என்ன நடக்கிறது? பெற்ற தாய் அதைப் பார்க்கவே மன்றாட வேண்டியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கதையைக் கேளுங்கள். நடந்த கதை.

1955 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் சிக்காகோ நகரைச் சேர்ந்த எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினப் பையன் மிசிசிப்பி மாநிலத்தில் உறவினர் வீட்டுக்குப் போனான். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டான் என்று சொல்லி, இரவில் அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடித்துச் சித்திரவதை செய்து, சுட்டுக் கொன்று, ஆற்றில் போட்டார்கள். மூன்று நாள் கழித்து உடல் கிடைத்தது. உள்ளூர் அதிகாரிகள் அங்கேயே அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். தாய் மேமி டில் விடவில்லை. உடலைச் சிக்காகோவுக்குக் கொண்டுவரச் செய்தார். முகம் அடையாளமே தெரியாமல் இருந்தது. ஆனாலும் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். தன் மகனை என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்பது அவர் முடிவு. பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பின மக்களின் 'ஜெட்' பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டது.

நீதிமன்றத்தில் என்ன ஆனது? வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் அதே செப்டம்பர் மாதம் விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு அவ்விருவரும் காசு வாங்கிக்கொண்டு, தாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். நீதி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு தலைமுறை கறுப்பின மக்கள் பிறகு பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத்தின் வரலாற்றில் அந்தச் சவப்பெட்டிக்கு ஓர் இடம் உண்டு. இன்று அது வாஷிங்டன் நகரில், 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனிக் கண்காட்சிக்கு வருகிறேன். 2017-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய பெரிய நவீன ஓவியக் கண்காட்சியில், டேனா ஷட்ஸ் என்ற வெள்ளையினப் பெண் ஓவியர் சவப்பெட்டியில் கிடக்கும் எம்மெட் டில்லை வரைந்து வைத்தார். ஓவியத்தின் பெயர் 'திறந்த சவப்பெட்டி'. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த வண்ணப் பூச்சு. பார்க்கர் பிரைட் என்ற கறுப்பினக் கலைஞர், கறுப்பர்களின் சாவை வேடிக்கைப் பொருளாக்குகிறீர்கள் என்ற பொருள்பட எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றார். ஹானா பிளாக் என்ற கலைஞர் அந்த ஓவியத்தை அகற்றி அழிக்க வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஓவியரோ, தானும் ஒரு தாய், அந்தத் தாயின் வேதனையை நினைத்துத்தான் வரைந்தேன், இதை விற்க மாட்டேன் என்றார். ஓவியம் கடைசிவரை சுவரில் இருந்தது.

நீங்கள் எந்தப் பக்கம்? கொஞ்சம் யோசியுங்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். எந்த ஓவியத்தையும் அழிக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இன்று நமக்குப் பிடிக்காததை அழிக்கச் சொன்னால், நாளை நம் கண்ணீரை அதிகாரத்தில் உள்ளவர்கள் அழிக்கச் சொல்வார்கள். அடுத்தவர் வேதனையை வேறு இனத்தவர் வரையவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். இதே பினாங்கில் 1941-ல் பிறந்த நம் இந்திய வம்சாவளிப் பெண், ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம். 2016-ல் காலமானார். உலகத்தில் எங்கெங்கோ நடந்த போரையும் பசியையும் செய்தித்தாள் படங்களைக் கொண்டே அவர் ஓவியத்தில் கொண்டுவந்தார். பாதிக்கப்பட்டவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள் அல்ல. ஆனால் 1986-ல் அமெரிக்கா லிபியா மீது குண்டு போட்டபோது, ரீகனையும் தாட்சரையும் வாயாங் கூலிட் பொம்மைகளாக வரைந்து காட்டினார். அடித்தவன் யார் என்று அவர் படத்தில் தெரியும்.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. மேமி டில் காட்டிய உடலில் மகனும் தெரிந்தான், கொன்ற சமூகமும் தெரிந்தது. காட்டுவது என்ற முடிவும் அவருடையது. 2017-ல் அந்த ஓவியத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள், கொன்றவன் மறைந்துவிட்டான், அழகான வேதனை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றார்கள். கேட்டிருக்க வேண்டிய தாயோ 2003-லேயே இறந்துவிட்டார். சாட்சி சொல்ல வந்த உடலைக் காட்சிப் பொருளாக்கினால் அந்தக் குடும்பம் இரண்டாவது முறை இழக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

2009 ஜனவரி 20. சிலாங்கூர், சுபாங் ஜெயாவில் உள்ள யூஎஸ்ஜே தைப்பான் போலீஸ் நிலையத்தில் அ. குகன் என்ற இளைஞர் இறந்தார். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர். முதல் சவப்பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது. ஆனால் குடும்பத்தார் செர்டாங் மருத்துவமனைப் பிணவறையில் உடலைப் பார்த்தார்கள். உடல் முழுக்கக் காயம். படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது சவப்பரிசோதனை நடந்தது. அடியினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததே காரணம் என்று அது சொன்னது. தாய் வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26-ல் உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம், காவல்துறையும் அரசாங்கமும் 801,700 ரிங்கிட் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அந்தக் குடும்பம் படம் எடுக்காமல் போயிருந்தால்? "பையன் போய்விட்டான், மானமாவது மிஞ்சட்டும்" என்று உடலை வாங்கி அன்றே எரித்திருந்தால்? நுரையீரலில் நீர் என்ற ஒற்றை வரியோடு எல்லாம் முடிந்திருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நாம் பெரும்பாலும் எரிக்கிற சமூகம். புதைத்த உடலை மறுபடி தோண்டி எடுத்துப் பரிசோதிக்க உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பத்து லஞ்சாங் மயானத்தில் சாம்பலான பிறகு எந்த மாஜிஸ்திரேட்டும் எதையும் தோண்டி எடுக்க முடியாது. நம் சடங்கு நம் சாட்சியை எரித்துவிடுகிறது. சடங்கைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறேன்.

ஆகவே உங்களுக்குச் சில வார்த்தை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-வது பிரிவின்படி, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும். இது யாரும் உங்களுக்குப் போடும் பிச்சை அல்ல. உடலைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள். கை, கால், பாதம் பாருங்கள். படம் எடுங்கள், தேதியும் நேரமும் குறியுங்கள். அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் வையுங்கள். சந்தேகம் இருந்தால் தகனத்துக்கு முன்பே வழக்கறிஞரைக் கூப்பிட்டு, இரண்டாவது சவப்பரிசோதனையைக் கேளுங்கள். சவப்பரிசோதனை அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள்.

அடுத்தது படம். எடுப்பது வேறு, பரப்புவது வேறு. எடுத்தது ஆதாரம். அதை யாரிடம் கொடுப்பது என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்யட்டும். இன்றைக்குக் கைப்பேசியில் ஒருவருக்கு அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேருக்குப் போய்விடும். அரசியல்வாதி கேட்பார், பத்திரிகைக்காரர் கேட்பார், நாளை ஓவியரும் கேட்பார். அப்போது தயங்காமல் கேளுங்கள்: இதில் என் பிள்ளையின் பெயர் இருக்குமா? இதைச் செய்தவர் யார் என்று தெரியுமா? நாங்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா? பதில் சொல்ல முடியாதவருக்குக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

உடலைக் காட்டாமலும் துக்கத்தைச் சொல்லலாம். கொலம்பியா நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் பேசி, அவர்கள் விட்டுப்போன செருப்புகளைச் சுவரில் குழி செய்து வைத்து, மெல்லிய தோலால் மூடித் தைத்துக் காட்சிக்கு வைத்தார் டோரிஸ் சால்செடோ. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்த மக்கள் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த வரைபடங்களைச் சேர்த்து 2011-ல் ஒரு நூலாக்கினார். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துத் தெருவில் உட்கார்ந்த தாய்மார்களுக்குக் காட்ட ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு செருப்பும், ஒரு வீட்டுப் படமும், ஒரு பள்ளிக்கூடப் புகைப்படமும் அவர்களுக்காகப் பேசின.

நம் பாட்டிமார் இதை அறியாதவர்கள் அல்லர். நடுவீட்டில் உடலைக் கிடத்தி, கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். இறந்தவர் யார், எப்படிப் பிழைத்தார், யார் அவருக்குத் துரோகம் செய்தார் என்று ஊர் கேட்கப் பாடினார்கள். துக்கத்தை மூடி வைப்பதுதான் மானம் என்ற எண்ணம் பிறகு வந்தது. வழக்கு வேலையில் பல குடும்பங்களோடு நான் நின்றிருக்கிறேன். அப்பா தலையைக் குனிந்துகொள்வார், மாமா "சீக்கிரம் முடியுங்கள்" என்பார். அம்மா மட்டும், "நான் பார்க்கணும்" என்பார். அந்த அம்மாவைத் தடுக்காதீர்கள்.

காட்டுவதா, மூடுவதா? முடிவு அந்தக் குடும்பத்தினுடையது. காட்ட முடிவு செய்தால் நாம் பக்கத்தில் நிற்போம். மூட முடிவு செய்தால் அதையும் மதிப்போம். ஆனால் பார்க்கும் உரிமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும், தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் தொலைபேசி எண்ணை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அதை மனப்பாடம் செய்யட்டும். தேவைப்படாமலே போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.